மூழ்கின கப்பல் பக்கத்துல ஸ்கூபா டைவிங்: கடலூர், பாண்டி ஆளுங்களுக்கு முதல்லேர்ந்து ஒரு முழு வழிகாட்டி

நான் தேவனாம்பட்டினத்துல வளந்தவன். எங்க சித்தப்பா ஃபைபர் போட்டுல தொழிலுக்குப் போறவரு. சின்ன வயசுல அவரு வலையைத் தச்சிக்கிட்டே "கப்பல் பார்ல மாட்டிக்கிச்சுடா, பாதி வலை அங்கயே போச்சு"ன்னு சொல்லுவாரு. கப்பல் பார்னா அடியில கப்பலோ விசைப்படகோ மூழ்கிக் கிடக்கிற எடம், அங்க மீன் அடையும், அதனால எல்லாரும் அங்கதான் வலை விடுவாங்க, வலையும் அங்கதான் போகும். பின்னாடி நான் பாண்டில டைவிங் கத்துக்கிட்டு அந்த மாதிரி எடத்துல எறங்கினப்பதான் அவரு சொன்னது முழுசா புரிஞ்சது. நம்ம கரையில மூழ்கின கப்பலைப் பாக்கப் போறவங்களுக்கு சுறாவோ ஆழமோ முதல் ஆபத்து இல்ல, கண்ணுக்கே தெரியாத நைலான் நரம்பு வலைதான். இத மனசுல வெச்சிக்கிட்டு மீதிய படிங்க.

டைவ் பண்றவங்க மூழ்கின கப்பல ரெக்குன்னு சொல்லுவாங்க, நானும் அப்படியே எழுதறேன்.

ஸ்டெப் 1: உடம்பு

கோர்ஸ்ல சேரும்போது ஒரு மெடிக்கல் ஃபாரம் குடுப்பாங்க. ஆஸ்துமா, வலிப்பு, நெஞ்சு பிரச்சனை, காது ஆபரேஷன், சைனஸ்னு கேள்வி வரும். எல்லாத்துக்கும் "இல்ல"ன்னு டிக் போட்டுட்டு போயிடலாம்னு நெனைக்காதீங்க, ஒண்ணே ஒண்ணுக்கு "ஆமா"ன்னு வந்தாலும் டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. சளி புடிச்சிருக்கிற அன்னிக்கு காது திறக்காது, அன்னிக்கு எறங்கவே கூடாது. மாத்திரை போட்டுட்டு எறங்கினா பாதி டைவ்ல மாத்திரை வேலை நின்னு, மேல வரும்போது காத்து அடைச்சிக்கும்.

நீச்சல் கொஞ்சம் தெரியணும். நிக்காம 200 மீட்டர் நீந்தறது, 10 நிமிஷம் மிதக்கறது, இவ்ளோதான் கேப்பாங்க, வேகமா நீந்தணும்னு இல்ல.

கடல்லயே வளந்த பசங்களுக்கு இங்க தனியா ஒண்ணு சொல்லணும். நமக்கு தண்ணிக்குள்ள போனாலே தானா மூச்சு அடக்கற பழக்கம். ஸ்கூபால அதுதான் உசுரையே எடுக்கும். 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கிறத விட ரெண்டு மடங்கு, அங்க நுரையீரல் நெறைய காத்த இழுத்து அடக்கிக்கிட்டு மேல வந்தா அந்தக் காத்து ரெண்டு மடங்கா விரியும், நுரையீரல் கிழிஞ்சிடும். எந்த நேரமும் மூச்சு போயி வந்துக்கிட்டே இருக்கணும். எனக்கு இந்த பழக்கம் போகவே நாலு டைவ் ஆச்சு.

ஸ்டெப் 2: ஓப்பன் வாட்டர் கோர்ஸ்

டூரிஸ்ட்டுக்குன்னு ஒருநாள் டைவ் ஒண்ணு உண்டு, இன்ஸ்ட்ரக்டர் கையப் புடிச்சு கூட்டிட்டுப் போயி போட்டோ எடுத்து அனுப்புவாரு. அது நல்ல அனுபவம், ஆனா லைசென்ஸ் கெடையாது. பேடி, எஸ்எஸ்ஐ மாதிரி அமைப்புங்களோட ஓப்பன் வாட்டர் கோர்ஸ முடிச்சாதான் கார்டு வரும், அதுக்கு லிமிட் 18 மீட்டர்.

எங்க சேரறதுன்னு பாக்க நான் ரேட்டக் கடைசியாதான் கேப்பேன். முதல்ல, போட்டுல ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கா, அத இப்ப திறந்து காட்டுவீங்களா? அடுத்தது, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேரு? அப்புறம், அடிபட்டா எந்த ஆஸ்பத்திரி, ரீகம்ப்ரஷன் சேம்பர் (டைவ்ல ரத்தத்துல குமிழி வந்தவங்கள அழுத்தத்துல வெச்சு வைத்தியம் பண்ற அறை) எங்க இருக்கு, எழுதி வெச்சிருக்கீங்களா? இதக் கேட்டதும் முகம் சுளிச்சா அந்த எடம் வேணாம். இன்ஸ்ட்ரக்டரோட நம்பர வாங்கி அந்த அமைப்போட வெப்சைட்லயே செக் பண்ணிக்கலாம், நல்ல ஆளுங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

கோர்ஸ்ல மாஸ்க்க கழட்டி திருப்பி மாட்டறது, வாயிலேர்ந்து போன ரெகுலேட்டர (டேங்க் காத்த வாய்க்குக் குடுக்கற கருவி) தேடி எடுக்கறது, காத்து தீந்தா கூட வர்றவங்ககிட்ட வாங்கி மூச்சு விடறது எல்லாம் சொல்லித் தருவாங்க. ஒரு தடவ செஞ்சு காட்டி பாஸ் ஆயிடலாம். ஆனா ரெக் பக்கம் போகணும்னா இத கண்ண மூடிக்கிட்டு, பேசிக்கிட்டே காப்பி ஆத்தற மாதிரி செய்ய வரணும்.

ஸ்டெப் 3: மிதப்பு, இதுக்குதான் அதிக நாள்

நெறைய பேரு இங்கதான் அவசரப்படறாங்க. கார்டு வந்த அடுத்த வாரமே ரெக்குக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு நிப்பாங்க. என் கணக்குல குறைஞ்சது 25 டைவாவது சாதாரண பாறை, மணல் எடத்துல போகட்டும்.

ஏன்னா, மூழ்கின கப்பல் மேலயும் உள்ளயும் வருஷக்கணக்கா சேறு படிஞ்சிருக்கும், மாவு மாதிரி. நீச்சல் குளத்துல காலடிக்கிற மாதிரி மேலயும் கீழயும் ஃபின்ன (கால்ல மாட்டற துடுப்பு) அடிச்சீங்கன்னா ஒரே அடியில அது கெளம்பி உங்க கையே உங்களுக்குத் தெரியாது. அதுக்கு பதிலா தவளை நீந்தற மாதிரி கால மடிச்சு பக்கவாட்டுல பின்னாடி தள்ளணும், ஃப்ராக் கிக்குன்னு பேரு. உடம்பு பாய் விரிச்ச மாதிரி படுக்கையா இருக்கணும், முட்டி தொங்கக் கூடாது. ஏறறதும் எறங்கறதும் பெரும்பாலும் மூச்சாலதான், காத்து ஏத்தி எறக்கற ஜாக்கெட்டோட பட்டன தட்டிக்கிட்டே இருக்கக் கூடாது.

நான் பழகின விதம் இது. மணல் தரையிலேர்ந்து ஒரு முழம் மேல படுத்தாப்ல நிப்பேன், கைய ஆட்டாம அஞ்சு நிமிஷம், திரும்பிப் பாத்தா மணல் தூசி கெளம்பியிருக்கக் கூடாது. மொதல்ல ஒரு நிமிஷம் கூட நிக்க முடியல. வெயிட் பெல்ட்ல ரெண்டு கிலோ அதிகமா போட்டிருந்தேன், அத கழட்டினப்புறம்தான் வந்தது.

இதுக்கப்புறம் அட்வான்ஸ்ட் கோர்ஸ், 30 மீட்டர் வரைக்கும். 18 மீட்டர்ல பேடி டேபிள் படி 56 நிமிஷம் இருக்கலாம், 30 மீட்டர்ல வெறும் 20 நிமிஷம்தான். அதுக்கு மேல இருந்தா உடம்புல நைட்ரஜன் அதிகமா சேந்துடும், நேரா மேல வர முடியாது, நடுவுல நின்னு நின்னு வரணும். போதாக்குறைக்கு 30 மீட்டர் பக்கம் நைட்ரஜன் போதை வேற, லேசா கள்ளு குடிச்ச மாதிரி இருக்கும், பயமே தெரியாது. பயம் தெரியாம ஒரு ஓட்டைக்குள்ள தலைய விட்டா என்ன ஆகும்னு நெனைச்சிப் பாருங்க.

ஸ்டெப் 4: எப்ப போறது

ஐப்பசி, கார்த்திகை மழையில தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் செம்மண் தண்ணிய கொண்டாந்து கொட்டும், கடல் ஒரே கலங்கல். பொங்கல் கழிஞ்சு மாசி, பங்குனில தான் தெளியும், பிப்ரவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் நல்ல காலம்னு சொல்லலாம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு ஓடாது, அந்த நாள்ல அடிமண்ணும் கொஞ்சம் அடங்கியிருக்கும். மத்தியானத்துக்கு மேல கடக்காத்து ஏறிடும், அதனால விடியக்காலையிலேயே கெளம்பிடணும்.

இன்காய்ஸ் (கடல் நிலவரம் சொல்ற மத்திய அரசு அமைப்பு) வெப்சைட்ல அலை, காத்து, நீரோட்டம் எல்லாம் போடுவாங்க, முந்தின ராத்திரி பாருங்க. அதோட கரையில ஒரு வயசான மீனவர்கிட்ட "இன்னிக்கு நீவாடு எப்படிண்ணே"ன்னு ஒரு வார்த்த கேளுங்க, நீவாடுன்னா நீரோட்டம். நான் கெளம்ப இருந்த ஒரு ஞாயித்துக்கிழமை ஆப்ல எல்லாம் பச்சையா இருந்தது, சித்தப்பா மட்டும் "அடியில இழுக்குது, போவாத"ன்னாரு. போகல. அன்னிக்கு போனவங்க நங்கூரக் கயித்தையே புடிச்சு நிக்க முடியாம திரும்பி வந்தாங்க.

தண்ணிக்குள்ள பார்வை அஞ்சு மீட்டருக்குக் கம்மியா இருந்தா புதுசா கத்துக்கறவங்க ரெக்குல எறங்க வேணாம். இது எந்த புக்குலயும் இருக்கிற நம்பர் இல்ல, நான் வெச்சிருக்கிற நம்பர்.

எந்த ரெக்கு?

நம்ம கடலுக்கு அடியில கப்பலுக்குப் பஞ்சமே இல்ல. 1749 ஏப்ரல்ல அடிச்ச புயல்ல நாமூர்ங்கிற இங்கிலீஷ் போர்க்கப்பல் எங்க ஊரு செயின்ட் டேவிட் கோட்டை பக்கத்துல முழுகி 500 பேருக்கு மேல செத்தாங்க. 1761 ஜனவரி 1ஆம் தேதி, பாண்டிய இங்கிலீஷ்காரங்க முற்றுகை போட்டிருந்தப்ப அடிச்ச புயல்ல சண்டர்லேண்ட் மாதிரி பெரிய கப்பலுங்க ஆளோட போச்சு. ரெண்டு வாரத்துல பாண்டி சரணடைஞ்சது வேற கதை. பீச்ல உக்காந்து சுண்டல் சாப்பிடும்போது எதிர்ல இவ்ளோ பேரு கெடக்கறாங்கன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

அதெல்லாம் நாம டைவ் பண்ற எடம் இல்ல. கத்துக்கறவங்களுக்கு 12லேர்ந்து 18 மீட்டர்குள்ள, திறந்த வெளியா, கூரையெல்லாம் போன சின்ன படகு போதும். இல்லன்னா கோவால கிராண்ட் ஐலண்ட் பக்கம் இருக்கிற சூசீஸ் ரெக் ஆழம் கம்மி, பழக நல்லது. நெறைய தம்பிங்க எடுத்த எடுப்புல மட்டக்களப்பு ஹெர்மிஸப் பத்திதான் கேக்கறாங்க, 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் விமானங்க மூழ்கடிச்ச விமானந்தாங்கிக் கப்பல். அது 50 மீட்டருக்கும் கீழ கெடக்குது, அந்த மாதிரி ஆழத்துக்குன்னு தனியா இருக்கிற டெக்னிக்கல் டைவிங் படிச்சவங்களுக்கு மட்டும்தான். ஆசை இருக்கட்டும், அதுக்கு வருஷக்கணக்குல உழைக்கணும்.

எந்த ரெக்கா இருந்தாலும் ஒரு ஆணிகூட எடுக்காதீங்க. நூறு வருஷத்துக்கு மேல பழசுன்னா 1972 தொல்பொருள் சட்டம் இருக்கு, அது போக ஆளு செத்த கப்பல் ஒரு சமாதி மாதிரி, அங்க போயி பொருள் எடுக்க யாருக்கும் மனசு வரக்கூடாது.

ஸ்டெப் 5: கூட என்ன எடுத்துட்டுப் போகணும்

வழக்கமான செட்டு போக, வெட்டறதுக்கு ரெண்டு பொருள். ஒண்ணு ப்ளேடு வெச்ச லைன் கட்டர், தோள் பட்டையில. இன்னொண்ணு ஆம்புலன்ஸ்ல துணி வெட்ட வெச்சிருப்பாங்களே அந்த மொக்கை முனை கத்திரிக்கோல், இடுப்புல. ரெண்டும் எந்தக் கை மாட்டினாலும் இன்னொரு கைக்கு எட்டணும். சினிமால வர்ற மாதிரி கால்ல பெரிய கத்தி கட்டறது வேணவே வேணாம், நரம்பு வலைய அது சரியா அறுக்காது, அதுவே போயி வலையில மாட்டும்.

டார்ச் ரெண்டு, வெளிய இருந்து பாக்கறதுக்கும்தான், உள்ள போறவங்களுக்கு மூணு. முழுக்கை சூட், துருப்புடிச்ச இரும்புக்கு கையுறை, டிடி ஊசி போட்டு எவ்ளோ நாளாச்சுன்னு பாருங்க. அப்புறம் ஆரஞ்சு கலர் மிதவை பலூன், கயிறோட. நம்ம பக்கம் போட்டுக்காரங்களுக்கு டைவர் கொடி பாத்துப் பழக்கம் கம்மி, பலூன் விடாம தலைய தூக்கினா மேல ப்ரொப்பல்லர் போயிக்கிட்டிருக்கும். தொங்கற ஹோஸ், மீட்டர் எல்லாத்தையும் நெஞ்சோட க்ளிப் போட்டு ஒட்ட வெச்சிடுங்க. எது தொங்குதோ அதுதான் வலையில மாட்டும்.

ஸ்டெப் 6: காத்துக் கணக்கு

பேப்பர்ல போட்டுப் பாருங்க. 11 லிட்டர் டேங்க், 200 பார் (பார்ங்கிறது காத்தழுத்தத்தோட அளவு). மொத்தம் 2200 லிட்டர் காத்து. புதுசா வர்றவங்க மேல இருக்கும்போது நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுப்பாங்கன்னு வெச்சுக்கலாம். 20 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மூணு மடங்கு, அப்ப நிமிஷத்துக்கு 60 லிட்டர். ஆக டேங்க் காலியாக 36 நிமிஷம்தான், பதறினா அதுல பாதி.

இதுல மூணுல ஒரு பங்கு விதி வெச்சுக்கணும். ஒரு பங்கு போறதுக்கு, ஒரு பங்கு வர்றதுக்கு, ஒரு பங்கு தொடவே கூடாது, அது உங்களுக்கோ கூட வர்றவருக்கோ ஏதாவது ஆனா. 200ல மூணுல ஒண்ணு 66, அதாவது காத்து மீட்டர் 134 காட்டும்போது திரும்பணும். 12 நிமிஷம்தான் கெடைக்கும். "இவ்ளோ தூரம் போட்டுல வந்து 12 நிமிஷமா"ன்னு தோணும். நான் 140லயே திரும்பிடுவேன். ரெண்டு பேர்ல யாரு முதல்ல அந்த நம்பர தொடறாங்களோ அவங்க மேல போகலாம்னு கட்டைவிரல காட்டினா பேச்சே இல்ல, ரெண்டு பேரும் திரும்பணும், ஏன்னு மேல வந்துதான் கேக்கணும். விதி கப்பலுக்குள்ள போறதுக்குன்னு எழுதினது, வலை நெறஞ்ச நம்ம கடல்ல நான் வெளிய சுத்தறதுக்கும் அதத்தான் வெச்சிருக்கேன்.

ஸ்டெப் 7: முதல் டைவ், வெளியவே

கயித்தப் புடிச்சு எறங்குங்க. அடிக்குப் போனதும் உடனே கப்பல் கிட்ட பாயாதீங்க, ஒரு நிமிஷம் நின்னு, மூச்ச அடக்காம அமைதிப்படுத்தி, நீரோட்டம் எந்தப் பக்கம்னு பாருங்க. அத எதுத்துதான் தொடங்கணும், திரும்பும்போது அது தள்ளிக் குடுக்கும்.

கப்பலுக்கு ரெண்டு மீட்டர் தள்ளி, ஒரு பக்கமா சுத்தி வாங்க. ஸ்லேட்ல படம் போடுங்க, மூக்கு எங்க, பின்பக்கம் எங்க, கயிறு எங்க கட்டியிருக்கு, வலை எங்க தொங்குது. இத ரெண்டு மூணு டைவுக்கு செய்யணும். ஒவ்வொரு டைவுலயும் போன தடவ பாக்காத வலை ஒண்ணு கண்ணுல படும். மேல நிமிந்து பாக்க மறக்காதீங்க, கீழயே பாத்துக்கிட்டு போயி தலைக்கு மேல தொங்கற வலைக்குள்ள நுழையறவங்கதான் அதிகம். எதையும் புடிக்காதீங்க. பாசி மாதிரி தெரியறது ஸ்கார்பியன் மீனா இருக்கும், முள்ளு குத்தினா தாங்க முடியாத வலி. பொந்துக்குள்ள களவா நிக்கும், சிங்கி இறால் மீசைய ஆட்டும், பாரைக் கூட்டம் தலைக்கு மேல சுத்தும். இது போதும்ங்க, உள்ள போகாமலே கண்ணு நெறஞ்சிடும்.

ஸ்டெப் 8: வலையில மாட்டினா

எனக்கே நடந்தது. பதினேழு மீட்டர், ஒரு மூழ்கின விசைப்படகு, பார்வை ஆறேழு மீட்டர். முன்னாடி போக முடியல, யாரோ சட்டையப் புடிச்சு இழுக்கற மாதிரி. முதல்ல தோணினது திரும்பி என்னன்னு பாக்கணும்னு. அந்த ஒரு திரும்பலதான் ஆள முடிச்சிடும், திரும்பத் திரும்ப வலை நூல் சுத்தற மாதிரி உடம்புல சுத்திக்கும். என் இன்ஸ்ட்ரக்டர் நூறு தடவ சொல்லி வெச்சிருந்ததால நின்னுட்டேன். டார்ச்ச கூட வந்தவர் முன்னாடி வேகமா ஆட்டினேன். அவரு வந்து பாத்தா டேங்க் வால்வுல நரம்பு வலை ஒரு கொத்து. ரெண்டு வெட்டு, விட்டுப் போச்சு. மேல வந்து மீட்டரப் பாத்தா அந்த மூணு நிமிஷத்துல 40 பார் காலி.

அதனால வரிசை இதுதான். நில்லுங்க. மூணு மூச்சு மெதுவா. டார்ச்ச ஆட்டி கூப்பிடுங்க. திரும்பாம வந்த வழியிலயே ஒரு முழம் பின்னாடி போயிப் பாருங்க, பாதி நேரம் தானா விட்டுடும். விடலன்னா கூட வர்றவரு வெட்டட்டும். அவரு எட்டலன்னா நீங்களே உடம்புக்குக் கிட்ட இருக்கிற நூலா பாத்து வெட்டுங்க, ஹோஸ வெட்டிடாம கையால தடவிப் பாத்துட்டு. கைக்கு எட்டாத முதுகுப் பக்கம்னா ரெகுலேட்டர வாயிலேயே வெச்சிக்கிட்டு ஜாக்கெட்ட கழட்டி முன்னாடி கொண்டாந்து வெட்டலாம், ஆனா இத நீச்சல் குளத்துல இருபது தடவ பழகாம கடல்ல முயற்சி பண்ணாதீங்க. வெயிட் ஜாக்கெட்லயே இருந்தா அத விட்டதும் நீங்க மேல பிச்சிக்கிட்டு போயிடுவீங்க.

ஸ்டெப் 9: உள்ள போறது

தனியா ரெக் டைவர் கோர்ஸ் இருக்கு, பேடில 15 வயசு ஆகணும், நாலு டைவ். அது முடிக்காம ஒரு கதவுக்குள்ளயும் போகாதீங்க, கூட வர்ற ஆளு எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி. கோர்ஸ் முடிச்சாலும் வெளிச்சம் தெரியற தூரம் வரைக்கும்தான், ஆழமும் உள்ள போன தூரமும் சேத்து 40 மீட்டர தாண்டக் கூடாது.

ரீல் கயித்த வாசலுக்கு வெளிய ஒரு கட்டு, உள்ள நுழைஞ்சதும் ஒரு கட்டு, அத விட்டு கை எட்டாத தூரம் போகவே கூடாது. நீங்க விடற குமிழி கூரையில பட்டு துரு மழையா கொட்டும், சேறே கெளப்பாட்டியும் அஞ்சு நிமிஷத்துல இருட்டாயிடும். அப்ப கயிறு ஒண்ணுதான் வழி, ஒரு கைய வளையமாக்கி கயித்த அதுக்குள்ள விட்டு வெளிய வாங்க. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல திரும்ப எடமில்லாத ஓட்டைன்னா அது உங்களுக்கு வாசலே இல்ல.

ஸ்டெப் 10: மேல வந்தப்புறம்

நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல வேகம் வேணாம். 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நில்லுங்க, பலூன் விடுங்க, அப்புறம் தலைய தூக்குங்க. தண்ணி நெறைய குடிங்க. ஒரு டைவ்னா 12 மணி நேரம், ரெண்டு மூணுன்னா 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது, சென்னைக்குப் போயி ராத்திரி ஃப்ளைட் புடிக்கறவங்க இத கணக்குல வெச்சிக்கங்க. ஊட்டி, ஏற்காடு மலை ஏறறதும் அதே மாதிரிதான்.

தோள், முட்டி வலி, கை கால் மரத்துப் போறது, தலைச்சுத்தல், தோல்ல திட்டுத் திட்டா வர்றது, இதெல்லாம் ரத்தத்துல குமிழி வந்ததுக்கு அடையாளமா இருக்கலாம், மறுநாள் கூட வரலாம். "தூக்கின வெயிட்டு, அதான் வலி"ன்னு தைலம் தேச்சு படுத்துடாதீங்க. ஆக்சிஜன் வெச்சிக்கிட்டு 108ஐக் கூப்பிடுங்க, டைவ் பண்ணினேன்னு முதல் வார்த்தையிலேயே சொல்லுங்க. கடல்லயே ஆள காணோம்னா கோஸ்ட் கார்டு நம்பர் 1554, போட்டு ஓட்டறவரு போன்லயும் ஏத்தி வெச்சிடுங்க.

வலை விஷயமா கடைசியா ஒண்ணு. அடியில பாக்கற எல்லா வலையும் விட்டுப்போன வலை இல்ல. பாசி ஏறாம புதுசா இருந்தா அது ஒருத்தரோட முதல், அவரு வந்து எடுப்பாரு, உங்க உசுரு மாட்டினாலொழிய அத வெட்டாதீங்க. பழைய வலை எங்க கெடக்குன்னு லாக் புக்ல எழுதிட்டு அந்த எடத்துல தொழில் பண்றவங்ககிட்ட சொல்லுங்க. நான் ஒவ்வொரு டைவுக்கும் அப்புறம் சித்தப்பாவுக்கு போன் போட்டு எந்தப் பக்கம் வலை கெடக்குன்னு சொல்லிடுவேன், அவரு அந்தப் பக்கத்துல வலைய விடறதில்ல.